பதினேழு நாள்

செஸ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். சென்னையில் 14 வருடம் ஆகிறது. என்னிடம் வரும் அப்பாக்கள் பலருக்கு ஒரு கணக்கு மனப்பாடம்: 12 வருடம், 7 மாதம், 17 நாள். 2019 ஜனவரியில் செஸ்ஸின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆனபோது குகேஷின் வயது அது. மிகச் சிறிய வயதில் அந்தப் பட்டம் வாங்கி 2002-இல் உக்ரைன் பையன் கர்யாகின் வைத்த சாதனை, வெறும் 17 நாளில் குகேஷுக்குக் கைநழுவியது.

ஒரு அப்பா, தன் எட்டு வயதுப் பையனுக்கு இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று போனிலேயே ஓடவிட்டிருந்தார். பையன் அசாத்தியக் கெட்டிக்காரன்தான். பலகையைப் பார்க்காமலே முழு ஆட்டத்தையும் ஒப்பிப்பான். "நாலாம் கிளாஸோட ஸ்கூலை நிறுத்திடலாமா சார்? குகேஷ் அப்படித்தானே?" என்றார். குகேஷ் அதற்குமேல் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகவில்லை என்பது உண்மை. அதைப் பார்த்து நிறுத்திவிட்டு எங்கும் போய்ச் சேராத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றிப் பேப்பரில் வராது. இதைச் சொல்லியிருக்க வேண்டும். வருகிற ஃபீஸை நினைத்தோ என்னவோ, "ஸ்கூல் இருக்கட்டும், சாயங்கால விளையாட்டைக் குறைச்சுக்கலாம்" என்று மழுப்பிவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு ரேட்டிங் போட்டி. பெற்றோரும் நாங்களும் ஹாலுக்கு வெளியே. நாலாவது ரவுண்டில் கால் மணி நேரத்தில் பையன் வெளியே வந்து நின்றான். டிரா. ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். குதிரையால் ஒரு சிப்பாய் சும்மா கிடைக்கிறது. அது அவன் கண்ணில் படாமல் இருக்காது. ஷீட்டின் ஓரத்தில் சாட்டையோடு ஒரு பம்பரம் வரைந்திருந்தான்.

"ஏண்டா டிரா கேட்டே?"

"அவனும் சரின்னான் சார்."

ஹாலுக்குப் பின்னால் மண் தரையில் நாலைந்து பையன்கள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்தான், அப்பா முகத்தைப் பார்த்தான், செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிட்டான்.

பிரக்ஞானந்தா வீட்டில், அக்கா வைஷாலியை டிவியிலிருந்து பிரிக்கத்தான் செஸ்ஸில் சேர்த்தார்கள். இவனைச் செஸ்ஸிலிருந்து கொஞ்ச நேரமாவது பிரிக்கத் தெரு தேவைப்பட்டது. ஐந்து மணி வகுப்பை ஏழுக்குத் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை செஸ்ஸே கிடையாது என்றேன். அப்பா இரண்டு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் 2024 டிசம்பரில், 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆன அன்று, "அந்தப் பதினேழு நாளை இன்னிக்கு யாராவது கேட்டாங்களா சார்?" என்று அவரிடம் கேட்டேன். "அது வேற சார்" என்றார். ஆனால் போனில் ஓடிய கணக்கை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பையனுக்கு ரேட்டிங் மெதுவாகத்தான் ஏறுகிறது. போன வாரம் வகுப்புக்கு முன்னால் எனக்கு அபீட் எடுக்க, அதாவது சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிக் கையில் பிடிக்க, கற்றுக்கொடுத்தான். மூன்று முறை விட்டும் பம்பரம் என் கைக்கு எழும்பவில்லை.

"சாட்டையை இன்னும் இறுக்கிச் சுத்துங்க சார்" என்றான்.