லத்தீன் ஏ-லெவல் எழுதுறவங்களுக்கு: அசையைப் பிரிங்க, அப்புறம் அர்த்தம் பாருங்க

போன வியாழன் ஏ-லெவல் (இங்கிலாந்துல யுனிவர்சிட்டிக்கு முன்னாடி எழுதுற பரீட்சை) லத்தீன் ரிசல்ட் வந்துச்சு. ஏ கிரேடு. 34 வயசுல லண்டன்ல ஒரு ஸ்கூல் ஹால்ல பதினெட்டு வயசுப் பசங்களோட உக்காந்து பிரைவேட் கேண்டிடேட்டா (ஸ்கூல்ல சேராம) எழுதினேன், ஒரு பையன் என்னை பரீட்சை கண்காணிக்கிற இன்விஜிலேட்டர்னு நெனச்சு எக்ஸ்ட்ரா ஷீட் கேட்டான். டிகிரில கிளாசிக்கல் சிவிலைசேஷன் (பழைய கிரேக்க, ரோம நாகரிகம்) படிச்சவன்தான், ஆனா எல்லாமே இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல, லத்தீன் ஒரு வரி தெரியாது. அதை வெச்சுக்கிட்டு லத்தீன் டீச்சர் ஆக முடியாதுல்ல.

அன்சீன் பேப்பர்தான், அதாவது முன்னாடி பாக்காத பகுதியை மொழிபெயர்க்கிற பேப்பர்தான் ஆளைச் சாய்க்கும். உரைநடைக்கு வரலாறு எழுதின லிவி, 50 மார்க்; கவிதைக்கு ஓவிட், 50 மார்க். லிவியோட நீள வாக்கியத்துக்கு நம்ம தமிழ் ரொம்ப உதவும். 'உர்பே காப்தா'ன்னு வந்தா இங்கிலீஷ்காரன் முழிப்பான், நமக்கு 'ஊர் பிடிபட்டதும்', அவ்ளோதான்.

ஓவிட்லதான் நான் மாட்டினேன். பேப்பர்ல குறில் நெடில் குறி போட்டிருக்க மாட்டாங்க. அக்வன்னா தண்ணி, அக்வான்னா தண்ணியால, அச்சுல ரெண்டும் ஒண்ணுதான். வீட்ல மாக் (மாதிரிப் பரீட்சை) எழுதும்போது 'தண்ணி பையனைக் கழுவுச்சு'ன்னு எழுதி வெச்சேன், தண்ணியால கழுவினது அவங்கம்மா. அசை பிரிக்க, அதாவது சந்தத்தை வெச்சு எது குறில் எது நெடில்னு குறிக்க, தனியா வெறும் 5 மார்க்னு எல்லாரும் கடைசிக்குத் தள்ளுவாங்க, தயவுசெஞ்சு மொதல்லயே பண்ணுங்க. ஓவிடோட 'மெட்டமார்ஃபசிஸ்' காவியத்தோட மொத வரியையே பாருங்க, 'இன் நொவ ஃபெர்ட் அனிமுஸ்'. நொவல (புது) கடைசி எழுத்து குறில்னு சந்தமே சொல்லிடும், அப்போ அது 'ஆல்' வேற்றுமை கிடையாது, அடுத்த வரில வர்ற 'கொர்பொர'வோட (உடல்கள்) சேரணும். ஒண்ணு, யாப்பு படிச்சவங்க ஜாக்கிரதை, நம்ம நேர் நிரை இங்க வேலைக்காவாது, குறிலொற்றும் இங்க நெடில் கணக்கு.

மத்தபடி:
- காம்ப்ரிஹென்ஷன் (பகுதியைப் படிச்சுக் கேள்விக்குப் பதில்) வேணாம், ப்ரோஸ் காம்போசிஷன் (இங்கிலீஷை லத்தீன்ல எழுதறது) எடுங்க. அடுத்தவன் கேள்விக்கு பதில் சொல்றது எனக்கு வராது, ஒருவேளை உங்களுக்கு வரலாம்.
- செட் டெக்ஸ்ட்டை (பாடமா வெச்ச பகுதியை) சத்தமா படிங்க. பஸ்ல திரும்பிப் பாப்பாங்க, பாக்கட்டும்.
- குரூப் ஸ்டடி ஆளை விடுங்க.

வேலை கிடைக்குமான்னு இன்பாக்ஸ்ல கேக்குறாங்க. லத்தீன் இங்க பெரும்பாலும் ஃபீஸ் கட்டுற ஸ்கூல்லதான். அரசு ஸ்கூலுக்குன்னு 2021ல அறிவிச்ச லத்தீன் எக்ஸலன்ஸ் ப்ரோக்ராமுக்கு 2025 பிப்ரவரியோட காசை நிறுத்திட்டாங்க, அதுவும் கல்வியாண்டு நடுவுல. ஆனா பிஜிசிஇக்கு (டீச்சர் ட்ரெயினிங் படிப்பு) பழைய மொழிகளுக்கும் பர்சரி (உதவித்தொகை) உண்டு, 2025-26க்கு 26,000 பவுண்டு. அதை நம்பித்தான் வேலையை விட்டிருக்கேன், வீட்ல இன்னும் முழுசா சொல்லல.

நோட்ஸ் கேக்காதீங்க, என் கையெழுத்து எனக்கே புரியாது. பழைய பேப்பர் மார்க் ஸ்கீமோட ஆன்லைன்ல கிடைக்குது, பத்து வரி அசை பிரிச்சுட்டு வந்து டவுட் கேளுங்க.