எல்கரைக் கேட்ட ஐம்பது நாள்கள்

2025 ஜனவரி 4, சனி

இங்கிலாந்தின் இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரை இதுவரை ‘நிம்ராட்’ என்ற ஒரே ஒரு சிறு பகுதியின் வழியாகத்தான் அறிந்திருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் லண்டன் செனடாஃப் நினைவுச்சின்னத்தின் முன் போரில் மாண்டவர்களுக்கு அஞ்சலி செலுத்தும்போது ராணுவ வாத்தியக் குழுக்கள் அதை வாசிப்பதைக் காணொளிகளில் பார்த்து, யாரோ ஒருவரின் சாவுக்காக எழுதப்பட்ட இசை அது என்றே பல ஆண்டுகளாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை தவறு என்று இன்று தெரிந்தது. 1899 ஜூன் 19 அன்று லண்டனில் இசைக்குழு நடத்துநர் ஹான்ஸ் ரிக்டர் முதன்முதலாக நடத்திய ‘எனிக்மா’ மாறுபாடுகள் என்ற படைப்பின் ஒரு பகுதிதான் ‘நிம்ராட்’. அதில் ஒரே மெட்டு 14 பகுதிகளில் மாறி மாறி வந்து, ஒவ்வொன்றிலும் ஒருவரைச் சித்திரிக்கிறது. முதலாவது எல்கரின் மனைவி ஆலிஸ், கடைசி எல்கரே. இடையில் வருபவர்கள் நண்பர்கள். 11ஆம் பகுதியில் வை ஆற்றில் விழுந்து நீந்திக் கரையேறிக் குரைக்கும் ஒரு நாய்கூட இருக்கிறது. ‘நிம்ராட்’ என்பது நொவெல்லோ பதிப்பகத்தில் பணியாற்றிய ஆகஸ்ட் யேகர் என்ற ஜெர்மானியர்; அவர் பெயருக்கு வேட்டைக்காரன் என்று பொருள், விவிலியத்தில் நிம்ராட் பெரிய வேட்டைக்காரன். எல்கர் மனம் தளர்ந்திருந்த ஒரு நேரத்தில் பேத்தோவனின் மெதுவான பகுதிகளைப் பற்றிப் பேசி அவரைத் தேற்றியவர் யேகர். இந்த இசை எழுதப்பட்டபோது அவர் உயிரோடுதான் இருந்தார், 1909இல்தான் காலமானார்.

இன்று கேட்டது 1982இல் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் பி.பி.சி. சிம்பொனி இசைக்குழுவை நடத்திய பதிவு. ‘நிம்ராட்’ மட்டும் 5 நிமிடத்துக்கு மேல் போகிறது. கண்ணில் நீர் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எல்கர் 1914 முதல் 1933 வரை தம் முக்கியமான இசைக்குழுப் படைப்புகளில் பெரும்பாலானவற்றைத் தாமே நடத்தி எச்.எம்.வி. நிறுவனத்துக்காகப் பதிவு செய்திருக்கிறார். தம் இசையை இவ்வளவு விரிவாக இசைத்தட்டில் விட்டுச் சென்றவர் அவருடைய தலைமுறையில் வேறு யாரும் இல்லை. ஆகவே ஒவ்வொரு படைப்பையும் குறைந்தது இரண்டு பதிவுகளில் கேட்பது என்றும், கிடைக்கும் இடங்களில் அவற்றுள் ஒன்று எல்கருடையதாக இருக்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 6, திங்கள்

எல்கர் 1926இல் நடத்திய ‘எனிக்மா’வைக் கேட்டேன். ‘நிம்ராட்’ 3 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. முதலில், ஏதோ தவறான வேகத்தில் தட்டைச் சுழலவிட்டிருக்கிறார்கள் என்று எண்ணி, சுருதியைச் சரிபார்த்தேன். சுருதி சரியாகவே இருந்தது. அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் 4 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் அடங்கும், அதனால் அவசரப்பட்டிருப்பார் என்று ஒரு சமாதானம் தோன்றியது. ஆனால் அச்சிட்ட இசையேட்டில் எல்கர் கொடுத்திருக்கும் கணக்கு நிமிடத்துக்கு 52 தாள அடிகள். அந்தக் கணக்கில் போனால் ஏறக்குறைய இரண்டரை நிமிடத்தில் முடிய வேண்டும். அவர் தாம் எழுதியபடியே, இன்னும் சொன்னால் அதைவிடச் சற்று நிதானமாகவே நடத்தியிருக்கிறார். அதைச் சௌக்க காலத்துக்கு இழுத்துச் சென்றவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அந்த வேகத்தில் கேட்கும்போது இரங்கல் மறைந்து, நடந்துகொண்டே பேசும் இரண்டு பேரின் பேச்சு கேட்கிறது. ஒருவர் ஒன்றைச் சொல்ல, மற்றவர் அதை வாங்கிக்கொண்டு கொஞ்சம் உயர்த்திச் சொல்கிறார். இருவருக்கும் ஒரே நேரத்தில் மனம் நிறைந்து, பிறகு அடங்குகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். மேனாட்டு இசையில் சுரங்கள் படிக்கட்டுகளைப்போல் தனித்தனியாக நிற்கும் என்று எண்ணிப் பழகிய என் காதுக்கு, இந்த 1926ஆம் ஆண்டு வயலின்கள் வியப்பைத் தந்தன. குழு முழுவதும் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கி, இழைந்து போகிறது. நம்மவர்கள் ஜாரு என்று சொல்வதற்கு மிக அருகில் இருக்கும் வழக்கம் அது. பிற்காலப் பதிவுகளில் அது பெரும்பாலும் துடைக்கப்பட்டிருக்கிறது. இழப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 12, ஞாயிறு

செல்லோ கான்செர்ட்டோ, அதாவது வயலின் குடும்பத்தின் தாழ்ந்த குரல் வாத்தியமான செல்லோ தனித்து முன்நிற்க, இசைக்குழு சேர்ந்து வாசிக்கும் படைப்பு. 1965 ஆகஸ்டில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் ஜாக்குலின் டு ப்ரே வாசிக்க, ஜான் பார்பிரோலி லண்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்திய பதிவு. டு ப்ரேவுக்கு அப்போது வயது 20.

தொடக்கத்தில் செல்லோ தனியாக நான்கு கனத்த ஒலிகளை இழுத்து நிறுத்திவிட்டு, ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டதுபோல் ஓய்ந்துவிடுகிறது. அதன்பின் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள் மட்டும், கீழே எந்தத் துணையும் இல்லாமல், நீண்ட ஊசலாட்டமான ஒரு மெட்டைத் தொடங்குகின்றன. செல்லோ அதை வாங்கிக்கொள்கிறது. அதைவிட்டு வேறெதையும் அதனால் நினைக்க முடியவில்லை என்பதுபோல் மறுபடி மறுபடி அதற்கே வருகிறது. எல்கர் இதை 1918–19இல் சசெக்ஸ் காட்டோரத்தில் இருந்த பிரிங்க்வெல்ஸ் என்ற சிறு வீட்டில் எழுதினார். கடலுக்கு அப்பால் பிரான்சில் வெடித்த பீரங்கிகளின் ஓசை இரவில் அந்த வீடு வரை கேட்குமாம். 1919 அக்டோபர் 27 அன்று நடந்த முதல் அரங்கேற்றம் போதிய ஒத்திகை இல்லாமல் சீர்குலைந்தது. அன்று அந்தக் குழுவின் செல்லோ வரிசையில் அமர்ந்து வாசித்த இளைஞர்களில் பார்பிரோலியும் ஒருவர். அந்த மாலையைப் பார்த்தவர் 46 ஆண்டுகள் கழித்து இதை நடத்துகிறார் என்று தெரிந்துகொண்டு கேட்டபோது, டு ப்ரே ஓங்கி எழும் இடங்களில் குழு அவரை எவ்வளவு பரிவோடு தாங்குகிறது என்பது புலப்பட்டது.

டு ப்ரே எதையும் மிச்சம் வைக்காமல் வாசிக்கிறார். முடிவுக்குச் சற்று முன் மூன்றாம் பகுதியின் மெட்டு நினைவைப்போல் திரும்பி வரும் இடத்தில் வில்லை அவர் ஏறக்குறைய நிறுத்தியே விடுகிறார். அங்கே நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 15, புதன்

அதே கான்செர்ட்டோ, 1928இல் பியாட்ரிஸ் ஹாரிசன் வாசிக்க எல்கர் நடத்தியது. டு ப்ரேவின் பதிவு ஏறக்குறைய 30 நிமிடம். இது அதைவிடச் சில நிமிடங்கள் குறைவு. ஹாரிசன், சர்ரேயில் இருந்த தம் தோட்டத்தில் இராப்பாடிக் குயில்களோடு சேர்ந்து செல்லோ வாசித்ததை 1924இல் பி.பி.சி. வானொலி நேரலையாக ஒலிபரப்பியது. அதனால் இங்கிலாந்தில் வீடுதோறும் அறியப்பட்டவர்.

இந்தப் பதிவில் அழுகை இல்லை. வயோலாக்களின் மெட்டு தேங்கி நிற்காமல் ஓடையைப்போல் போய்க்கொண்டே இருக்கிறது. மூன்றாம் பகுதி திரும்பி வரும் அந்த இடத்தில் ஹாரிசன் சிறிது நேரமே தங்கிவிட்டுப் போகிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போகும் பெண்ணைப்போல. எது எனக்கு மிகவும் வலித்தது என்று கேட்டால், இரண்டு நாள் கழித்து நினைத்துப் பார்க்கையில் இதுதான் என்பேன். டு ப்ரேவின் துயரத்தில் நான் பங்கு கொண்டேன். ஹாரிசனுடையதை வெளியே நின்று பார்க்க மட்டுமே முடிந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

பார்பிரோலி 1962இல் பதிவுசெய்த ‘இன்ட்ரடக்‌ஷன் அண்ட் அலெக்ரோ’. 1905இல் எழுதப்பட்டது; தந்தி வாத்தியங்கள் மட்டும். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இதை மூன்று முறை கேட்டேன். நடுவில் குழு முழுவதும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடும் பகுதி தெளிவாக விளங்க எனக்கு மூன்று முறையும் தேவைப்பட்டது.

ஜனவரி 26, ஞாயிறு

வயலின் கான்செர்ட்டோ. 1932 ஜூலையில் அபே ரோடு கலையகத்தில் 16 வயது யெஹூதி மெனுஹின் வாசிக்க, 75 வயது எல்கர் நடத்தினார். பதிவுக்கு முன் எல்கரின் முன்னிலையில் பியானோவோடு சிறிது வாசித்துக் காட்டியதும், இனி ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று அவர் குதிரைப் பந்தயம் பார்க்கக் கிளம்பிவிட்டார் என மெனுஹின் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

நான் எதிர்பார்த்தது வேகமான எல்கரை. கிடைத்தது 50 நிமிடம் அளவுக்கு நீளும், அவசரமே இல்லாத ஒரு வாசிப்பு. 1929இல் ஆல்பர்ட் சாம்மன்ஸ் வாசித்து ஹென்றி வுட் நடத்திய பதிவையும் உடனே கேட்டேன். அது பல நிமிடங்கள் குறைவு, உறுதியும் கம்பீரமும் கூடியது. அப்படியானால் எல்கர் எப்போதும் விரைவாகப் போகிறவர் என்று ஜனவரி 6ஆம் தேதியிலிருந்து நான் எண்ணியிருந்ததைத் திருத்திக்கொள்ள வேண்டும். சிறுவன் தங்க விரும்பிய இடங்களில் முதியவரும் தங்கியிருக்கிறார். பாடகரின் மனோதர்மத்துக்கு இடம் கொடுத்துப் பின்னால் வரும் பக்கவாத்தியக்காரரின் பண்பு அது.

கடைசிப் பகுதியில் தனி வயலின் முன்பு வந்த மெட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பதுபோல் நெடுநேரம் வாசிக்கிறது. வழக்கமாக இத்தகைய இடத்தில் குழு மௌனமாக இருக்கும். எல்கரோ குழுவின் தந்திகளை விரல்களால் மெல்ல வருடச் சொல்லியிருக்கிறார். அந்த அதிர்வு கீழே தொடர்ந்து கேட்க, மேலே வயலின் தனக்குள் பேசிக்கொள்கிறது. தம்பூராவின் மேல் எழும் ஆலாபனையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிராது.

பிப்ரவரி 1, சனி

ஓர் உறுத்தலை எழுதிவிட வேண்டும். இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஜார்ஜை இந்தியாவின் பேரரசராக அறிவித்த 1911 டெல்லி தர்பாரைக் கொண்டாடும் விதமாக, 1912 மார்ச்சில் லண்டன் கொலீசியம் அரங்கில் ‘தி கிரவுன் ஆஃப் இந்தியா’ என்ற காட்சி நாடகம் நடந்தது. இசை எல்கருடையது, அவரே நடத்தினார். தலைநகர் யாருக்கு என்று டெல்லியும் கல்கத்தாவும் மேடையில் பெண் வடிவில் வழக்காட, தீர்ப்புச் சொல்ல அரசரும் அரசியும் வருகிறார்கள். அதிலிருந்து எடுத்த இசைத்தொகுப்பை எல்கர் 1930இல் பதிவும் செய்தார். கேட்டேன். கெட்டிக்காரத்தனமான, ஒளிமிக்க, உள்ளே ஒன்றுமில்லாத இசை. ‘நிம்ராட்’ எழுதிய கைதான் இதையும் எழுதியது என்பதை மறக்கவும் முடியவில்லை. அதற்காக ‘நிம்ராட்’டைக் குறைத்து மதிக்கவும் முடியவில்லை.

பிப்ரவரி 8, சனி

‘தி ட்ரீம் ஆஃப் ஜெரான்டியஸ்’. கத்தோலிக்கக் கார்டினல் நியூமனின் கவிதைக்கு, பாடகர்களுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதப்பட்டது. சாகும் மனிதன் ஒருவனின் ஆன்மா தீர்ப்புக்காகச் செல்லும் பயணம். 1900 அக்டோபரில் பர்மிங்காமில் நடந்த முதல் நிகழ்ச்சி தோல்வியடைந்து, 1901இல் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில்தான் உரிய வரவேற்பைப் பெற்றது. பார்பிரோலியின் பதிவில் தேவதையாகப் பாடும் ஜேனட் பேக்கரின் குரல் கடைசியில் ஆன்மாவிடம் விடைபெறும் இடம் மிக அழகு. மற்ற இடங்கள் இன்னும் எனக்கு வசப்படவில்லை. இன்னொரு முறை வர வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

ஒரு வாரமாக முதல் சிம்பொனியை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1908 டிசம்பர் 3 அன்று மான்செஸ்டரில் ஹாலே இசைக்குழு ரிக்டரின் தலைமையில் முதன்முதலாக வாசித்தது. அடுத்த ஓராண்டுக்குள் உலகெங்கும் ஏறக்குறைய 100 முறை அரங்கேறியது. அப்போது எல்கருக்கு வயது 51. வூஸ்டர் நகரில் பியானோ சுருதி சேர்த்து, இசைக்கருவிக் கடை நடத்திய ஒருவரின் மகன், எந்த இசைக் கல்லூரியிலும் பயிலாதவர், தம் முதல் சிம்பொனியை முடிக்க அவ்வளவு காலம் காத்திருக்கிறார்.

முரசின் மெல்லிய உருட்டலுக்குப் பின், நடைபோடும் ஒரு மெட்டோடு தொடங்குகிறது. அந்த மெட்டு பிறகு நெடுநேரம் கலங்கி, மறைந்து, எட்டிப் பார்த்து, இறுதியில் முழுக் குழுவோடும் திரும்பி வருகிறது. என்னை ஒரு வாரம் கட்டிப்போட்டது அதுவன்று. இரண்டாம் பகுதியில் வயலின்கள் பதறி ஓடும் ஒரு சுரவரிசை இருக்கிறது. அதே சுரங்கள், அதே வரிசையில், மூன்றாம் பகுதியில் விளம்பமாக வரும்போது இந்த மனிதர் எழுதியவற்றிலேயே மிகச் சாந்தமான மெட்டாகிவிடுகின்றன. நான்கு முறை கேட்டும் எனக்கு இது தெரியவில்லை. இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் இசை வேகம் குறைந்து குறைந்து, நிற்காமலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் இறங்கும் இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் பிடிபட்டது. அந்த நிமிடம் அறையில் எழுந்து நின்றுவிட்டேன். ஒரே வர்ணத்தை இரண்டு காலங்களில் பாடிப் பழகியவர்கள் சுரம் மாறாமல் வேகம் மட்டும் மாறும்போது என்ன நிகழ்கிறது என்பதை அறிவார்கள். ஆனால் பதற்றம் அமைதியாக மாறுவதை நான் இதற்குமுன் கேட்டதில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

மூன்று நடத்துநர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். பார்பிரோலி மூன்றாம் பகுதியை நேசத்தோடு நீட்டுகிறார். ஏட்ரியன் போல்ட் 1976இல், 87ஆம் வயதில், எதையும் அழுத்திச் சொல்லாமல் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைக்கிறார். ஜார்ஜ் ஷோல்டி 1972இல் பதிவு செய்யும் முன் எல்கரின் 1930ஆம் ஆண்டுப் பதிவைக் கூர்ந்து கேட்டுப் பயின்றவர். அது முதல் பகுதியின் சீற்றத்திலேயே தெரிகிறது.

எல்கரின் பதிவு இம்மூன்றிலும் சேராது. இசையேட்டில் அவர் ஏறக்குறைய வரிக்கு வரி, இங்கே விரி, இங்கே இறுக்கு, இங்கே முந்து என்று குறித்துவைத்திருக்கிறார். மற்றவர்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கடைப்பிடிக்கிறார்கள். அவர் நடத்தும்போது அவை குறிப்புகளாகவே தெரியவில்லை. பேசும் ஒருவரின் குரல் எப்படித் தானாகவே ஏறி இறங்குமோ அப்படி இருக்கிறது. மிகவும் சாந்தமான இடங்களிலும் அவர் ஒரு கால் வாசலில் வைத்தபடிதான் நிற்கிறார்.

பிப்ரவரி 22, சனி

இன்று எல்கரின் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் கேட்டேன். 1914 ஜனவரியில் எல்கர் முதன்முதலாகப் பதிவு செய்த ‘கரிஸ்ஸிமா’ சிறு துண்டு. ஒலிவாங்கி இல்லாத காலம். பெரிய ஊதுகுழல் ஒன்றின் முன் சிறிய குழு நெருக்கியடித்து அமர்ந்து வாசித்தது. ஒலி ஒரு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. வயலின்கள் இழைவது அதிலும் கேட்கிறது.

கடைசி, 1934 ஜனவரி 22. வூஸ்டரில் உள்ள வீட்டில் எல்கர் புற்றுநோயோடு படுக்கையில் இருந்தார். எச்.எம்.வி.யின் ஃபிரெட் கைஸ்பெர்க் ஏற்பாடு செய்ய, அபே ரோடு கலையகத்துக்கும் அந்தப் படுக்கையறைக்கும் தொலைபேசித் தடம் இழுக்கப்பட்டது. லாரன்ஸ் காலிங்வுட் லண்டனில் குழுவை நடத்த, எல்கர் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டு, எப்படி வாசிக்க வேண்டும் என்று படுத்தபடியே சொன்னார். எடுத்துக்கொண்டது, 36 ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதிய ‘கேரக்டகஸ்’ என்ற படைப்பிலிருந்து ஒரு வெற்றி அணிவகுப்பும், காட்டைப் பற்றிய ஒரு சிறு இடையிசையும். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 23 அன்று, அவர் காலமானார்.

அணிவகுப்பை ஒரு முறை கேட்டேன். காட்டு இசை மிகச் சிறியது. தந்திகள் தாழ்ந்த குரலில் அசைகின்றன, மேலே ஏதோ மெல்லச் சிலிர்க்கிறது, முடிந்துவிடுகிறது. அந்த அறையில் ஒலிபெருக்கி எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு, ஒலியைக் குறைத்து வைத்து, மறுபடியும் போட்டேன்.