பிறந்த இடம் சொல்லாத பயணங்கள்

2010-இல் சுமார் 15 லட்சத்து 60 ஆயிரமாக இருந்த மலேசியாவின் பினாங்கு மாநில மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பில் 17 லட்சத்து 40 ஆயிரமாக உயர்ந்தது. கூடிய 1 லட்சத்து 80 ஆயிரம் பேரில் வந்து குடியேறியவர்களின் பங்கு எவ்வளவு என்பதை மொத்தத் தொகை சொல்லாது. அந்தப் பத்தாண்டுகளின் பிறப்புகளிலிருந்து இறப்புகளைக் கழித்து, வந்த விடையைக் கூடுதலிலிருந்து கழித்தால் மிஞ்சுவதே நிகர இடப்பெயர்வு, அதாவது வந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் இரண்டு கணக்கெடுப்புகளிலும் விடுபட்டவர்களால் ஏற்படும் பிழையும் அந்த மிச்சத்திலேயே சேர்ந்துவிடுவதால், அதை நான் முழுமையாக நம்புவதில்லை. வயதுவாரியாகப் பார்ப்பது தெளிவானது: 2010-இல் 10 முதல் 14 வயது வரை இருந்தவர்களை 2020-இல் 20 முதல் 24 வயதுப் பிரிவில் தேடினால், வேலைக்காகவும் படிப்பிற்காகவும் வந்தவர்கள், போனவர்களின் சாயல் தெரியும்.

மாநில எல்லையும் சிலவற்றை மறைக்கிறது. 2020-இல் பினாங்குத் தீவில் 7 லட்சத்து 94 ஆயிரம் பேரும் மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் 9 லட்சத்து 46 ஆயிரம் பேரும் இருந்தனர். தீவிலுள்ள ஜெலுத்தோங்கிலிருந்து செபராங் பிறையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமுக்குக் குடிபெயரும் குடும்பம் மாநிலக் கணக்கில் அசையாத குடும்பம். அங்கிருந்து கூலிமுக்குப் போனால் மட்டும் பக்கத்து மாநிலமான கெடாவுக்குப் போனவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது கணக்கெடுப்பில் வரும் பிறந்த இடம் பற்றிய கேள்விதான். என் அப்பா பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1970 கணக்கெடுப்பின்போது அங்கேயே இருந்தார். 1980-இல் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பிறகு ஈராண்டு ஈப்போ. 1984-இல் பினாங்கிலேயே உள்ள பட்டர்வொர்த்துக்குத் திரும்பினார். பிறந்த இடத்தையும் கணக்கெடுப்பு நாளின் வசிப்பிடத்தையும் ஒப்பிட்டால், 1980-இல் அவர் சிலாங்கூருக்குப் பெயர்ந்தவர், 1991-இல் இடம்பெயராதவர். ஐந்தாண்டுகளுக்கு முன் எங்கே குடியிருந்தார் என்று கேட்டாலும் பினாங்கு என்றே விடை வரும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நகரங்களுக்குச் சென்று, பின்னர் திரும்பிய தமிழர் பலரின் பாதையும் இப்படியே அட்டவணைகளில் நேராகிவிட்டிருக்கும்.

அதனால் அப்பாவை உட்கார வைத்து, அவர் குடியிருந்த ஒவ்வோர் இடத்தையும் ஆண்டுவாரியாகக் கேட்டு எழுதி, பக்கத்திலேயே கணக்கெடுப்பு ஆண்டுகளைக் குறித்தேன். ஈப்போவுக்கு எதிரே எந்த ஆண்டும் விழவில்லை.