மேடை ஏறும் முன் மைக் செட்காரரைப் பார்த்துவிடுவது

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர்க் கோவில் திருவிழாப் பட்டிமன்றத்தில் முதன்முறையாகப் பேச எழுந்த நான், "நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே" என்ற விளிகளைத் தாண்டிய மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன். ஏழு நிமிடப் பேச்சை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தேன். எழும்வரை பெரிய பயமும் இல்லை. ஆனால் நான் சொல்லி முடித்த ஒவ்வொரு சொல்லும் தெருக்கோடியிலிருந்து எனக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.

அங்கே கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி எழுபது மீட்டர் தள்ளி இருந்திருக்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது என்பதால், அங்கிருந்து என் குரல் என் காதை எட்ட 0.2 நொடி ஆகும். தன் குரலையே அந்த அளவு தாமதமாகக் கேட்டால், சரளமாகப் பேசுபவருக்கும் நாக்குத் தடுமாறும் என்பது பேச்சுக் கோளாறுகளை ஆராய்பவர்கள் நன்கறிந்த செய்தி. அன்று எனக்கு அது தெரியாது. மேடை நமக்கு ராசியில்லை என்று முடிவு கட்டி, இரண்டு ஆண்டுகள் மைக் பக்கமே போகாமல் இருந்தேன். அந்தக் காலத்து அரசியல் மேடைகளில் தொடருக்குத் தொடர் நிறுத்தி, கூட்டத்தை உள்வாங்க விட்டுப் பேசும் வழக்கம் வேரூன்றியதற்கு இந்தக் குழாய்களும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் சொந்த ஊகம்.

மனப்பாடமும் சேர்ந்தே என்னைக் கவிழ்த்தது. ஒரு வரி அறுந்தால் அடுத்த வரிக்குப் போக வழியே இராது. பேச்சுக்குப் பேர்போன சர்ச்சில்கூட, 1904-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மனப்பாடமாகப் பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் மறந்து உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு குறிப்புகள் இல்லாமல் அவர் எழுந்ததில்லை என்பார்கள். நானும் இப்போது குறிப்பு வைத்துக்கொள்கிறேன், ஆனால் முழுத் தாளில் அல்ல. கை இலேசாக நடுங்கினாலும் நீளமான தாளின் நுனி படபடத்து அதைக் கடைசி வரிசைக்கும் காட்டிக்கொடுத்துவிடும். அஞ்சலட்டை அளவு கெட்டி அட்டை அசையாது. அதில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் எழுதுவதுமில்லை.

திருக்குறளில் அவையறிதல் 72-ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73-ஆம் அதிகாரம். அந்த வரிசையை நான் பட்டுத்தான் புரிந்துகொண்டேன். நிகழ்ச்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய், காலி நாற்காலிகளின் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பார்க்கிறேன். மேடைப் பலகை எந்த இடத்தில் அமுங்குகிறது, எந்த விளக்கு கண்ணில் அடிக்கிறது என்று நடந்து பார்க்கிறேன். பெயர் அழைக்கப்பட்டதும் முதலில் மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக்கொள்கிறேன் (எனக்கு முன் பேசுபவர் எப்போதும் என்னைவிட நெட்டையாகவே அமைகிறார்), இரண்டு பாதங்களையும் ஊன்றுகிறேன், மூச்சை விட்டபிறகே வாய் திறக்கிறேன். அந்த நான்கைந்து நொடி மௌனம் நமக்குத்தான் யுகமாகத் தெரியும். கூட்டம் அதற்குள் பேச்சை நிறுத்தி நிமிர்ந்துவிடும்.

மைக் செட்காரரிடம் மேடைக்கு ஒரு சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியை என் பக்கம் திருப்பி வைக்கச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. என் குரல் அதிலிருந்து உடனே கேட்டால் தெருக்கோடிக் குழாய் அவ்வளவாகக் காதில் விழாது. அவர் "ஹலோ சொல்லிப் பாருங்க சார்" என்று மைக்கை நீட்டும்போது, ஹலோவுக்குப் பதில் அன்றைய பேச்சின் முதல் இரண்டு வரிகளை அந்தக் காலி நாற்காலிகளுக்குச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.