வீக்கம் வடிந்துவிட்டது, பல் அப்படியேதான் இருக்கிறது

குழந்தைக்குக் கன்னம் வீங்கினால் பல பெற்றோர் முதலில் ஓடுவது மெடிக்கலுக்குத்தான். "போன தடவை கொடுத்தீங்களே, அந்த பிங்க் கலர் மருந்து" என்றால் கவுன்ட்டரில் ஆன்டிபயாடிக் சிரப்பை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், ஓரிரு நாளில் வீக்கம் வடிகிறது, பிள்ளை பழையபடி சாப்பிட ஆரம்பிக்கிறான், அதோடு பல்லை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கொஞ்ச மாதம் கழித்து அதே பல், அதே கன்னம், இந்த முறை வீக்கம் இன்னும் பெரிதாக. குழந்தைகளின் பல்லைப் பார்க்கும் டாக்டர் என்பதால் இது எனக்குத் தினப்படி விஷயம். ஒவ்வொரு தடவையும் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் இடைப்பட்ட அந்த மாதங்களில் எளிதாகக் காப்பாற்றியிருக்கக் கூடிய பல் அது.

மருந்து ஏன் பல்லைக் குணமாக்குவதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பால் பல்லில் மேலே உள்ள எனாமல் மெலிசு, உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பகுதியோ பெரிசு. அதனால் சொத்தை சீக்கிரம் உள்ளே இறங்கி நரம்பைச் சாகடித்துவிடும். நரம்பு செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. குடிக்கிற மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் எங்கேயும் போக முடியும். பல்லைச் சுற்றியுள்ள எலும்புக்கும் ஈறுக்கும் கன்னத்துச் சதைக்கும் போய் அங்கே பரவியிருக்கும் கிருமியை அடக்கும், அதனால்தான் வீக்கம் வடிகிறது. பல்லுக்குள் குடியிருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆவதில்லை, மருந்து நின்றதும் அது திரும்ப வெளியே வரும்.

வீட்டிலேயே பார்க்கக் கூடிய ஒரு அடையாளம் உண்டு. நல்ல வெளிச்சத்தில் குழந்தையின் உதட்டையும் கன்னத்தையும் ஒதுக்கி, சொத்தைப் பல்லுக்குப் பக்கத்து ஈறைப் பாருங்கள். அரிசி அளவில், நுனி மஞ்சளாக, சின்னக் கொப்புளம் இருக்கும். தானாக உடைந்து சீழ் வடியும், ரெண்டு நாளில் அமுங்கும், பிறகு திரும்ப வரும். பால் கடைவாய்ப் பல்லில் சீழ் பெரும்பாலும் வேர்களுக்கு நடுவில்தான் சேரும், அங்கே பல்லின் அடித்தளம் மெலிசாகவும் நுண்ணிய துவாரங்களோடும் இருப்பதால். சீழுக்கு வெளியேற வழி கிடைத்துவிட்டதால் குழந்தை வலி என்றே சொல்லாது. "வலிக்கலைன்னு சொல்றானே டாக்டர்" என்று அம்மாக்கள் நிம்மதியாகச் சொல்லும்போதுதான் எனக்குக் கவலை அதிகமாகும். அதே வேர்களுக்கு நடுவில்தான் கீழே நிரந்தரப் பல் உருவாகிக் கொண்டிருக்கிறது. நாள்கணக்கில் சீழிலேயே கிடந்தால் அந்தப் புதுப் பல் வெள்ளைத் திட்டோ பழுப்புத் திட்டோ குழியோ விழுந்து முளைக்கலாம்.

"விழப்போற பல்லுதானே?" என்று கேட்காத பாட்டி கிடையாது. பாட்டி, முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. கடைசிப் பால் கடைவாய்ப் பல் விழ பத்து, பன்னிரண்டு வயது ஆகும். அஞ்சு வயதுப் பிள்ளை இன்னும் எத்தனை வருஷம் அதில் மெல்ல வேண்டும்! சீக்கிரமே எடுத்துவிட்டு அப்படியே விட்டால், ஆறு வயதில் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்து இடத்தை அடைத்துக் கொள்ளும். அதனால்தான் எடுத்த பிறகு இடம் காக்கும் கம்பி வளையம் போடுகிறோம்.

ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் அடிக்கிறது, வீக்கம் ஈறைத் தாண்டி முகத்தில் பரவுகிறது என்றால் கட்டாயம் வேண்டும், அதுவும் குழந்தையின் எடையைப் பார்த்துக் கணக்கிட்ட அளவில். கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு வீக்கம், தாடைக்கு அடியில் கெட்டியான வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, மூச்சுத் திணறல், இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி எந்நேரமானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அங்கே ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும், அது சிரப் கொடுத்துக் காத்திருக்கும் நிலைமையே இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் பல்லைத் திறந்து சீழை வெளியேற்றுவதோ பல்லை எடுப்பதோ செய்தே ஆக வேண்டும். "வீக்கம் வடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பது பழைய பழக்கம். முடிந்தவரை முதலிலேயே சீழுக்கு வழி பண்ணிவிட்டால் குழந்தை அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கும்.

டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் சிரப் கொடுக்கிறீர்கள் என்றால், பொடியாக வரும் பாட்டிலில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள், ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் மறுபடி குலுக்குங்கள். அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மருந்து கலக்கிய பிறகு ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஏழு நாள்தான் தாங்கும். மிச்சத்தை அடுத்த தடவைக்கு என்றோ தம்பிக்கு என்றோ எடுத்து வைக்காதீர்கள். தேவையில்லாமல் கொடுத்த ஒவ்வொரு பாட்டிலும், நிஜமாகவே தேவைப்படும் ஒரு நாளில் அந்த மருந்தை வேலை செய்யாமல் ஆக்கக் கூடும்.

மருந்தைப் பல்லுக்குள்ளேயே வைத்தால் என்ன என்று ஒரு அப்பா கேட்டார். நல்ல கேள்வி, அப்படி ஒரு சிகிச்சை இருக்கிறது. ஜப்பானில் நிகாட்டா பல்கலைக்கழகத்தில் ஹோஷினோவும் அவரோடு வேலை செய்தவர்களும் வளர்த்தெடுத்த முறை அது: மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின், மினோசைக்ளின் மூன்றையும் பசையாகக் குழைத்து, வேருக்குள் ஃபைல் (வேரின் உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பி) விடாமல், பல்லின் உள்தளத்தில் வைத்து மூடிவிடுவார்கள். மினோசைக்ளின், டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் வகையைச் சேர்ந்தது, வளரும் பல்லில் கறை பிடிக்க வைக்கக் கூடியது. அதனால் அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமியின் 2020 வழிகாட்டுதல் அதை விட்டுவிட்டு வேறு மருந்து சேர்க்கச் சொல்கிறது, பலரும் கிளிண்டாமைசின் சேர்க்கிறார்கள். வேர் ஏற்கெனவே கரைந்து, இன்னும் ஒரு வருஷத்துக்குள் விழப்போகும் பல்லைத் தாக்குப்பிடிக்க வைக்கத்தான் இதைப் பரிந்துரைக்கிறார்கள். நானும் அந்த மாதிரிப் பற்களுக்கு மட்டும்தான் வைப்பேன்.

வேர் நன்றாக இருந்தால் பல்பெக்டமிதான், அதாவது பால் பல்லுக்கான வேர் சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் திறந்ததும் ஒரு அழுகல் வாடை வரும், சில சமயம் சீழ் குமிழியிட்டு மேலே வரும். செத்த நரம்பை எடுத்துக் கழுவி, வேர் கரையும்போது தானும் கரைந்துபோகிற பசையை நிரப்புவோம். பெரியவர்களுக்கு நிரப்பும் ரப்பர் மாதிரியான பொருள் இங்கே ஆகாது, அது கரையாமல் நின்று கீழே வரும் பல்லை மறிக்கும். கடைசியாக ஸ்டீல் கேப். செலவை நினைத்துத் தள்ளிப் போடுபவர்களுக்கு: சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

டாக்டரைப் பார்க்க நாள் கிடைக்கும்வரை வலிக்குக் குழந்தையின் எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்துத் திணிப்பது, மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பது, வீங்கிய கன்னத்துக்குச் சூடான ஒத்தடம், மூன்றும் வேண்டாம். முன்பு கொடுத்த மருந்துப் பாட்டில் இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள், எந்தத் தேதியிலிருந்து எத்தனை மில்லி கொடுத்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு வந்தால் இன்னும் நல்லது. எக்ஸ்ரே எடுத்ததும் வேர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கீழே இருக்கும் பல் எந்த நிலையில் இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். திரையில் காட்டச் சொல்லியே கேளுங்கள்.