அளவான உப்பு

வீட்டில் இப்போது 214 சமையல் புத்தகங்கள் இருக்கின்றன. எண்ணியது நான் அல்ல, மகள். போன மாரியில் ஒருநாள் அலுமாரியின் நடுத்தட்டு பாரம் தாங்காமல் இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் நிலத்தில் அடுக்கி எண்ணிவிட்டு, "அம்மா, இதில நீங்கள் சமைச்சுப் பாத்தது எத்தினை?" என்று கேட்டாள். பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். மிச்சமெல்லாம் படுக்கையில் வாசிப்பதற்கு. நாவல் வாசித்தால் எனக்கு நித்திரை போய்விடும். சமையல் புத்தகம் வாசித்தால் பசி வரும், ஆனால் நித்திரையும் வரும்.

பள்ளிக்கூட நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லிப் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டார்கள். விளையாட்டுப் போட்டியையும் பரிசளிப்பு விழாவையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் மனையியல் அறையைப் பற்றி எழுதுகிறேன். இந்தப் புத்தகப் பைத்தியம் எனக்கு அங்கேதான் பிடித்தது.

1982, ஒன்பதாம் வகுப்பு. கிணற்றடிப் பக்கம் இருந்த அந்த அறையில் இரண்டு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு நீண்ட மேசை, கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிவைத்த ஒரு தராசு. அந்தத் தராசை வெளியில் எடுத்து நான் கண்டதில்லை. பாடப்புத்தகத்தில் எல்லாம் கிராமில் இருக்கும். வீட்டில் சுண்டும் கொத்தும்தான். நாலு சுண்டு ஒரு கொத்து. சுண்டு என்று ஒன்று தனியாக வாங்கவும் தேவையில்லை, பால் முடிந்த ரின்பால் பேணி போதும்.

ஒருநாள் ரீச்சர் வந்து, ஆளுக்கொரு வீட்டுச் சாப்பாடு எழுதி வரவேண்டும் என்றார். வீட்டில் யார் சமைக்கிறாரோ அவரைக் கேட்டு, அளவோடு எழுத வேண்டும். "அளவில்லாமல் எழுதினால் அது கதை. செய்முறை இல்லை." காரணம் ஒன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணம் பொது நூலகம் தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களோடு எரிந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வந்தது ஒடியல் கூழ், காயவைத்த பனங்கிழங்கை இடித்த மாவில் காய்ச்சுவது. வந்தது என்ன, நானே கையை உயர்த்திக் கேட்டு வாங்கினேன். அம்மம்மாவின் கூழுக்கு ஊரில் பெயர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலமை கொப்பியும் பென்சிலும் பேணியுமாகக் குசினிக்குப் போனேன். முற்றத்தில் மூன்று கல்லு வைத்து, பெரிய பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மம்மா ஒரு கைப்பிடி அரிசியைக் கழுவிப் போட்டார். "பொறுங்கோ, பொறுங்கோ" என்று கத்தி, அடுத்த கைப்பிடியைப் பேணியில் கொட்டுவித்து அளந்தேன். பயற்றங்காய், பலாக்கொட்டை, சீவிய மரவள்ளிக்கிழங்கு எல்லாவற்றுக்கும் அப்படியே. மீன்தலை, நண்டு, இறால் என்று எண்ணி எழுதினேன். செத்தல் மிளகாயை அம்மியில் வைக்க முதல் ஒவ்வொன்றாக எண்ணினேன். அம்மம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"உப்பு எவ்வளவு?"

"அளவாப் போடு."

"அளவா எண்டால் எவ்வளவு?"

"அளவா எண்டால் அளவாத்தான். வாயில விட்டுப் பாரன்."

கடைசியில் பழப்புளிக் கரைசலில் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றி, அகப்பையால் அடி பிடிக்காமல் துழாவி, முருங்கையிலையைத் தூவி இறக்கினார். ஈர்க்குக் குத்திக் கோலிய பிலாவிலையில் ஊற்றிக் குடித்தோம். மூக்கால் ஓடும், கண்ணால் ஓடும், ஆனாலும் "இன்னும் கொஞ்சம்" என்று இலையை நீட்டுவோம். அன்றைக்கு மத்தியானம் வீட்டில் வேறு சமையல் கிடையாது. கூழ் காய்ச்சிய நாளில் சோறு கேட்டவரை நான் கண்டதில்லை.

வகுப்பில் 36 பேர், 36 செய்முறை. ஒவ்வொருவரும் எழும்பி நின்று வாசிக்க, மற்றவர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டோம். சொதிக்கே மூன்று வகை வந்தது. தூளுக்கு மல்லி கூடவா மிளகாய் கூடவா என்று இரண்டு பேர் சண்டை பிடித்து, இருவருமே தங்கள் தங்கள் தாய்மாரின் பக்கம் நின்றார்கள். அதுதான் என் முதல் சமையல் புத்தகம், எண்பது பக்கக் கொப்பி. பிறவுண் தாளில் உறை போட்டு வைத்திருந்தேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி, யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அது மேசை லாச்சிக்குள் கிடந்தது. பாஸ்போர்ட், காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளையின் பால்மா எடுத்தோம். கொப்பியின் நினைவு, போகிற வழியில் கைதடியில்கூட வரவில்லை. நாலு வருடம் கழித்து இங்கே ரொறொன்ரோவில், பனி கொட்டுகிற ஒரு பின்னேரம், கூழ் காய்ச்ச வேண்டும் என்று நினைத்தபோதுதான் வந்தது.

அன்றிலிருந்து தொடங்கியதுதான் வாங்குவது. முதலில் வாங்கியது மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', 1951இல் முதற் பதிப்புக் கண்டது. மூன்று பாகமும் இருக்கிறது. பக்கத்தில் நின்று கைபிடித்துச் சொல்லித் தருவது போன்ற எழுத்து, ரசம் வைக்கப் பயந்தவர்களும் வைப்பார்கள். ஆனால் சுத்த சைவம். பெயரில் மட்டும்தான் மீன். பிறகு 1929இல் ஹில்டா டொய்ட்ரொம் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் புத்தகத்தின் பிந்திய பதிப்பு ஒன்று கிடைத்தது. லவ் கேக், லம்பிரைஸ் என்று ஐரோப்பியர் வழிவந்த கொழும்பு பறங்கியர் வீடுகளின் வாசம் அதில் அடிக்கும். கொழும்பில் பிறந்து அவுஸ்திரேலியாவுக்குப் போன சார்மெய்ன் சொலமன் 1976இல் வெளியிட்ட ஆசியச் சமையல் புத்தகத்தை ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். இலங்கைப் பகுதியில் மட்டும் மஞ்சள் கறை. முன்பு வைத்திருந்தவர் யாரோ எங்கடை ஆள்.

புத்தகம் வாங்குவதில் எனக்கு ஒரு விதி உண்டு. புதிதாகப் பளபளவென்று இருப்பதைத் தொடமாட்டேன். எண்ணெய் பட்ட பக்கம் இருக்கிறதா, பேனாவால் ஏதும் எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் புரட்டுவேன். சுருள் கம்பி போட்ட ஒரு தேவாலயச் சமையல் புத்தகம், ஐம்பது சதத்துக்கு வாங்கியது, என்னிடம் இருக்கிறது. அதில் இறைச்சி அவியல் ஒன்றின் பக்கத்தில் யாரோ ஒரு மனுசி எழுதியிருக்கிறார்: "காய்ந்து வறண்டுவிட்டது. அவர் வாய் வைக்கவில்லை." பெரிய சமையல்காரர்கள் வழவழத் தாளில் போடும் படங்களில் இந்த உண்மை வராது.

இத்தனை புத்தகத்திலும் அம்மம்மாவின் கூழ் இல்லை. கூழ் உண்டு, அந்தக் கூழ் இல்லை. நானே கைப்பழக்கத்தில் காய்ச்சுவேன். கடையில் உறைந்த நண்டு, உறைந்த பலாக்கொட்டை, முருங்கையிலை கிடைக்காவிட்டால் ஸ்பினாச். ஸ்பினாச் போட்டால் கூழ் பச்சையாகும், அவ்வளவுதான். பிலாவிலைக்குக் காகிதக் கப். பிள்ளைகள் மூக்கைத் துடைத்துத் துடைத்துக் குடிப்பார்கள், அது மட்டும் மாறவில்லை.

போன வருடம் பாரிசில் இருக்கும் வகுப்புத் தோழி ஒருத்தி, தாயாரின் பெட்டியைக் கிளறியபோது தன் மனையியல் கொப்பி கிடைத்ததாகச் சொல்லி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினாள். பதினேழாம் பக்கத்தில் என் கூழ். நான் வாசிக்க அவள் எழுதியது. அரிசி கால் சுண்டு, செத்தல் மிளகாய் இருபத்தைந்து, இறால் இத்தனை, எல்லாம் சரி. ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல்: "கைச்சது."

திரும்பத் திரும்ப வாசித்த பிறகுதான் பிடிபட்டது. ஒடியல் மா கைக்கும். தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். அம்மம்மா அதை விடிய எழும்பிச் செய்து முடித்திருந்தார். நான் குசினிக்குப் போனது ஏழு மணிக்கு. பானைக்குள் போனதையெல்லாம் எண்ணினேன், கிணற்றடியில் ஊற்றிவிட்ட தண்ணீரைக் காணவில்லை.

உடனே அவளுக்குப் போன் எடுத்தேன். "ஏனடி இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீ மனம் நோவாய் எண்டுதான். அதோடை அண்ணை முழுக்கக் குடிச்சவர், மருந்து எண்டு நினைச்சு." நன்றாகச் சிரித்துவிட்டு, "சரி, இப்ப சொல்லு, எத்தினை தரம் தண்ணி ஊத்திவிட வேணும்?" என்றாள்.

"வாயில விட்டுப் பாரன்" என்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். அவளுடைய கொப்பியில் நடுவில் இரண்டு ஒற்றைகள் இல்லை. பயற்றம் பணியாரமும், தூளுக்குச் சண்டை பிடித்தவர்களில் ஒருவரின் கணக்கும் அதில்தான் இருந்திருக்க வேண்டும். அந்த வகுப்பில் இருந்த யாரிடமாவது கொப்பி இருந்தால், படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பென்சில் எழுத்து இருந்தால் அழிக்க வேண்டாம்.