இரவல் கேமராவும் 24 டிகிரித் தண்ணீரும்

பினாங்கில் ஃபிலிம் கேமராக்களை இரவல் கொடுத்துப் பட்டறையும் நடத்துவதில் இதுவரை நிலைத்துவிட்ட நடைமுறை இது. முதல் செலவு டிரை கேபினட்டுக்குத்தான், அதாவது ஈரத்தைக் குறைத்து வைக்கும் அலமாரிக்கு. இந்த ஊர் ஈரத்தில் லென்ஸைத் தோலுறைக்குள் மூடி வைத்தால் பூஞ்சை நிச்சயம். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். திரும்பி வரும் லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்கிறோம். நூல் நூலாகத் தெரிந்தால் அது தனிப் பெட்டிக்குப் போகும்.

இரவலுக்கு பென்டாக்ஸ் கே1000 தோதானது. பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். எல்ஆர்44 பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே. அதை அணைக்கும் சுவிட்ச் கிடையாது என்பதால் லென்ஸ் மூடி தொலைந்தால் பேட்டரியும் சீக்கிரம் போகும். பின்கதவு ஓரப் பஞ்சு தாராக உருகியிருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த சத்தே குச்சியால் சுரண்டி, புதிதாக ஒட்ட வேண்டும். இல்லையேல் ஒளி கசிந்து படத்தில் கோடு விழும்.

வாங்கிச் செல்பவருக்கு இரண்டே பாடம். ஃபிலிமை மாட்டித் தளர்வை இறுக்கியபின், லீவரைத் தள்ளும்போது இடப்பக்கக் குமிழ் சுழல வேண்டும். சுழலாவிட்டால் சுருள் முழுக்க வெறுமைதான். முடிந்ததும் அடிப்பக்கப் பொத்தானை அழுத்திவிட்டே திருப்பிச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஓரத் துளைகள் கிழியும்.

பயிற்சிக்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் போதும். 400 ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) சுருளுக்கு உச்சி வெயிலில் ஷட்டர் வேகம் 1/500 நொடி, லென்ஸ் துளை எஃப்/16. அஞ்சடிக்குள், அதாவது கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதைக்குள், நுழைந்தால் எஃப்/4 அளவுக்குத் திறக்க வேண்டியிருக்கும்.

பட்டறையில் அதிகம் சொதப்புவது இருட்டுப்பைக்குள்தான். ஒளி புகாத அந்தப் பைக்குள் கையை விட்டு, எடுத்த ஃபிலிமை ரீலில் சுற்றி, கழுவும் டேங்கில் போட வேண்டும். கை வியர்த்து, பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும். அப்போது தள்ளவே கூடாது. மடிந்த இடத்தில் பிறை வடிவத் தழும்பு விழும். ஃபிலிமை டேங்கில் போட்டு, மூடியை இறுக்கி, கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கலாம். ஏர்கான் அறை, எலும்பாகக் காய்ந்த ரீல், முனைகளைக் கத்தரியால் உருட்டி வெட்டிய ஃபிலிம் – இவை மூன்றும் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு, படத்தை வெளிக்கொணரும் டி-76 டெவலப்பரை 150 மில்லியும் தண்ணீர் 150 மில்லியும் கலக்கிறோம். 20 டிகிரியில் 11 நிமிடம். 24 டிகிரியில் ஏழரை. நம் குழாய்த் தண்ணீரின் சூட்டிலேயே கழுவினால் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே இறங்கி, சீரின்றிக் கறுக்கும். ஐஸை டெவலப்பருக்குள் போட்டால் கலவை நீர்த்துவிடும். பேசினில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, புட்டிகளை அதில் நிறுத்துவதே சரி. படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸரையும் அலசும் நீரையும் சேர்த்தே குளிர்த்த வேண்டும். ஊற்றியதும் 10 நொடியில் நான்கு தடவை கவிழ்ப்பு, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதேபோல். குமிழி போக டேங்கின் அடியை மேசையில் ஒரு தட்டு.

ஃபிக்ஸர் 1+4 (ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர்), மூன்று நிமிடம். சந்தேகமென்றால் வெட்டிய ஃபிலிம் துண்டொன்றைப் போட்டுப் பாருங்கள். அது தெளிய எடுக்கும் நேரத்தைப் போல் இரு மடங்கு வைக்கலாம். பழைய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும், கால்வாயில் ஊற்றாதீர்கள்.

அடுத்து, டி-76க்குப் பதிலாக நாமே கலக்கும் காப்பி டெவலப்பர். லிட்டருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16, இன்ஸ்டன்ட் காப்பித்தூள் 40. 20 டிகிரியில் 15 நிமிடம். ஆப்பச்சோடா வேலைக்கு ஆகாது. கோப்பிக்கடைத் தூளும் வேண்டாம், சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது அது.